கருவி வேலை செய்கிறது, கதைக்கத்தான் ஏலாமல் இருக்கிறது: குழு பிரசன்டேசனுக்கு முன் வருகிற நடுக்கம்

கச்சான்பூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கெம்பஸில் மூன்றாம் வருசம், ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். எங்கள் குழுவில் 5 பேர். கச்சான் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகவே பம்மைப் போட்டு, போதுமான அளவு நனைந்ததும் நிறுத்துகிற ஒரு சின்னக் கருவிதான் எங்கள் புரொஜெக்ட். ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டு போர்ட், ஈரம் அளக்கிற சென்சர், பம்மைப் போட்டு நிறுத்துகிற ரிலே சுவிட்ச், ஒரு சின்னப் பம், சாமான் அவ்வளவுதான். வருகிற மாத முதல் கிழமையில் பிரசன்டேசன். 12 நிமிடத்துக்குள் 5 பேரும் கதைக்க வேண்டும், பிறகு 8 நிமிடம் கேள்வி.

கருவியில் எனக்கு ஒரு பயமும் இல்லை. மலிவாக வருகிற இரண்டு கால் சென்சர் ஈர மண்ணுக்குள் கிடந்து கெதியாக அரித்துப் போகிறது என்று பார்த்து, உலோகம் மண்ணில் நேரடியாகப் படாத கப்பாசிற்றிவ் சென்சருக்கு மாற்றச் சொன்னது நான். எங்கள் வளவு மண்ணைக் காயவைத்து ஒரு வாசிப்பு, ஊறவைத்து ஒரு வாசிப்பு என்று எடுத்து அளவு திருத்தியதும் நான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முன்னுக்குப் போய் நின்றால்தான் எல்லாம் போய்விடுகிறது.

போன வருசம் ஒரு பாடத்துக்கு இதேபோலக் குழுவாகக் கதைத்தோம். என் முறை வந்ததும் கை குளிர்ந்து, வாய் காய்ந்து, இரண்டாவது ஸ்லைடில் சொல்ல இருந்தது ஒன்றுமே நினைவில் இல்லை. பக்கத்தில் நின்ற பெடியன் மைக்கை வாங்கி மிச்சத்தைச் சொல்லி முடித்தான். அவன் உதவியாகத்தான் செய்தான். ஆனால் முடிவில் விரிவுரையாளர் ஒருவர் "இதில் உங்கட பங்கு என்ன, நீங்கள் ஏதாவது செய்தீங்களா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். பதில் இருந்தது, வாயில் வரவில்லை. இப்போது ஸ்லைட் செய்ய லப்டொப்பைத் திறந்தாலே அந்தக் கேள்விதான் முன்னுக்கு வந்து நிற்கிறது.

இன்னொன்று இங்கிலீஸ். ஏ.எல் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்தவள் நான். குழுவில் இரண்டு பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள், நல்ல பிள்ளைகள், அவர்களுக்கு இங்கிலீஸ் ஓடும். அதில் ஒருத்தி "நீ கருவியை மட்டும் போட்டுக் காட்டு, உன்ர பகுதியையும் நான் கதைக்கிறேன்" என்கிறாள். ஆனால் புள்ளி ஆளுக்கு ஆள் தனித்தனி. இன்னொரு சினேகிதி நடுக்கத்தை நிறுத்த ஒரு குளிசை இருக்கிறது, அக்கா ஒராள் போடுகிறவ, வாங்கித் தாறன் என்கிறாள்.

முழுவதையும் பாடமாக்குவதா? நடுக்கத்தை எப்படி நிறுத்துவது? எனக்கு இப்படிப் பயம் என்று குழுவுக்குச் சொல்லலாமா, சொன்னால் என்னை ஒதுக்கிவிடுவார்களா? தயவுசெய்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

⸻

மாங்குளம்சந்தி எழுதியது:

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. குழுவுக்குச் சொல்லுங்கோ. இன்றைக்கே சொல்லுங்கோ. குழு புரொஜெக்டில் ஒரு ஆளின் பயம் அந்த ஆளின் சொந்தப் பிரச்சினை என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மைக் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற இடம், யார் எந்தக் கேள்வியை எடுப்பது, ஒருவர் நின்றுபோனால் மற்றவர் என்ன செய்வது, இவை ஒன்றும் முடிவு செய்யப்படாமல் போனால் நல்லாய்க் கதைக்கிற ஆளும் தடுமாறுவார். நான் வேலை செய்கிற இடத்தில் இப்போது வாடிக்கையாளருக்கு முன்னால் குழுவாகத்தான் விளக்கம் கொடுக்கிறோம், அங்கேயும் இதே கதைதான்.

போன வருசம் நடந்ததைப் பாருங்கோ. அந்தப் பெடியன் மைக்கை வாங்கினபடியால்தான் விரிவுரையாளருக்கு அந்தக் கேள்வி வந்தது. அவன் மைக்கை வாங்காமல் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். "காய்ந்த மண்ணுக்கு என்ன வாசிப்பு வந்தது?" என்று பக்கத்தில் நின்று இயல்பாகக் கேட்டால் போதும், கையால் செய்த ஆளுக்குப் பதில் தானாக வரும், வந்ததும் அந்த இடத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது திட்டமிட்ட உரையாடல் மாதிரித்தான் தெரியும். ஆகவே குழுவில் ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து நிற்கிற ஆளுக்காக இப்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று இப்பவே முடிவு செய்யுங்கோ. ஐந்து பேருக்கும்தான், உங்களுக்கு மட்டும் இல்லை.

பகுதி பிரிக்கிறது: நீங்கள் சென்சரையும் அளவு திருத்தினதையும் எடுங்கோ, வேறு ஒன்றையும் எடுக்க வேண்டாம். அறிமுகம், முடிவுரை எல்லாம் யாரும் சொல்லலாம், சென்சரை ஏன் மாற்றினோம் என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்லலாம். உங்கள் சினேகிதிக்கு நன்றி சொல்லிவிட்டு அதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருங்கோ. அரித்துப்போன பழைய சென்சர் இன்னும் இருந்தால் அதையும் கொண்டுபோங்கோ. புதியதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அரை ஸ்லைட் விளக்கம் மிச்சம்.

பயப்படுகிற ஆளைக் கடைசியில் போடுகிற ஒரு வழக்கம் இருக்கிறது, அது சரியில்லை. தன் முறை வரும்மட்டும் நின்று நின்று பயம் கூடும், நேரமும் போய், கடைசி ஆள்தான் அவசரப்பட்டு முடிக்க வேண்டி வரும். இரண்டாவது ஆளாகப் போங்கோ.

கையில் ஏ4 தாள் வைத்திருக்க வேண்டாம். கை கொஞ்சம் ஆடினாலும் தாள் நுனி பெரிதாக ஆடும், அதை நாங்களே பார்த்து இன்னும் பயப்படுவோம். உள்ளங்கையளவு தடித்த மட்டையில் சொல் சொல்லாக எழுதுங்கோ. லேசர் பொயின்ரரையும் தொட வேண்டாம். விரலில் தெரியாத நடுக்கம் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளியில் தெரியும். காட்ட வேண்டியதை ஸ்லைடிலேயே வட்டம் போட்டு வைத்தால் சரி.

⸻

வவுனியா_வாட் எழுதியது:

குளிசை கதைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன், நான் தாதியாக வேலை செய்கிறேன். உங்கள் சினேகிதி சொல்லுவது பெரும்பாலும் புரொப்பனோலோலாக இருக்கும். அது இதயத் துடிப்பைக் குறைக்கிற, பிரசரைக் குறைக்கிற மருந்து. ஆஸ்துமா இருக்கிறவர்கள் போட்டால் மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்களுக்குச் சீனி இறங்குகிற அறிகுறியை மறைத்துவிடும். இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த குளிசையை வாங்கிப் போடவே வேண்டாம். உண்மையிலேயே தாங்க முடியாத அளவுக்கு என்றால் டொக்டரிடம் போய்க் கதையுங்கோ, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கை குளிர்கிறது, வாய் காய்கிறது என்கிறீர்கள். அட்ரினலின் கூடும்போது தோலுக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் கை குளிரும். எச்சில் குறையும். உடம்பு ஒரு வேலைக்கு ஆயத்தமாகிறது, அவ்வளவுதான், உங்களுக்கு ஏதோ வருத்தம் என்று நினைக்க வேண்டாம். மூச்சை எடுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். ஆகவே ஆழமாக இழுக்கிறதை விட மெதுவாக, நீட்டி விடுகிறதுதான் முக்கியம். மூக்கால் எடுத்து, எடுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் வாயால் விடுங்கோ. உங்கள் முறைக்கு முந்தின ஆள் கதைக்கும்போதே இதைச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

காலைமை சாப்பிடாமல் போக வேண்டாம். நித்திரை முழித்துவிட்டு நெஸ்கபே மேல் நெஸ்கபே குடிக்கவும் வேண்டாம், நடுக்கம் கூடும். தண்ணிப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்திருங்கோ.

⸻

முள்ளியவளை_ரீச்சர் எழுதியது:

பிள்ளை, நான் தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சுப் பழக்குகிற ஆசிரியை. மேடையில் நின்றுபோன பிள்ளைகள் கன பேரைப் பார்த்திருக்கிறேன், அதனால் பாடமாக்கிற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முழுவதையும் சொல்லுக்குச் சொல் பாடமாக்கினால் ஒரு சொல் விடுபட்டதும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் விழுந்துவிடும். நின்றுபோகிற பிள்ளைகளில் பெரும்பாலும் நன்றாகப் பாடமாக்கின பிள்ளைகள்தான். ஒன்றும் பாடமாக்காமல் போகிறதும் சரி வராது. இரண்டு இடத்தை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்யுங்கோ. உங்கள் முதல் இரண்டு, மூன்று வசனம், அடுத்த ஆளிடம் கொடுக்கிற கடைசி வசனம். உடம்பு அதிகம் படபடக்கிறது தொடக்கத்தில்தான், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது, வாய் தானாகச் சொல்ல வேண்டும். நடுப்பகுதியை விளங்கின விளக்கமாகச் சொல்லலாம், ஒவ்வொரு முறையும் வசனம் மாறினாலும் பரவாயில்லை.

தொடக்கத்தை மற்றக் குழுக்கள் எல்லாம் சொல்கிற "இன்று நாங்கள் உங்களுக்கு முன்வைக்கப் போவது" என்று வைக்க வேண்டாம் என்று முதலாவதாகக் கதைக்கிற ஆளுக்குச் சொல்லுங்கோ. உங்களிடம் எவ்வளவு நல்ல விசயம் இருக்கிறது. கச்சான் மண்ணுக்கு மேலே பூக்கிறது, மண்ணுக்குள்ளே காய்க்கிறது. பூவிலிருந்து இறங்குகிற விழுது மண்ணுக்குள் போக வேண்டும், அந்த நேரம் மேல் மண் காய்ந்து இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது, இறங்காத விழுதில் கச்சான் இல்லை. அதனால்தான் எந்த நாளில் தண்ணி விடுவது என்பது பெரிய கேள்வி. இதை நாலு சின்ன இங்கிலீஸ் வசனமாக எழுதினால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து இருப்பார்கள். கேட்கிற ஆட்கள் நிமிர்ந்து பார்த்தால் கதைக்கிற ஆளுக்குப் பயம் பாதி போய்விடும்.

இங்கிலீசுக்கு வருகிறேன். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கோ. யாரிடம்? உங்கள் வீட்டில், பக்கத்து வளவில் கச்சான் போடுகிறவர்களிடம். ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் ஆட்களுக்குக் குறைவில்லை. சனசமூக நிலையத்தில் பின்னேரம் நாலு பேர் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புக் கூட்டம் நடந்தால் இன்னும் நல்லது, தலைவரிடம் கேட்டால் 10 நிமிடம் தராமல் விடமாட்டார்கள். எழும்பி நின்று, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கோ. அவர்கள் என்ன கேட்பார்கள் தெரியுமா? இறைச்சுக்கொண்டிருக்கும்போது மழை வந்தால் என்ன செய்யும், கரண்ட் போய் வந்தால் திரும்பத் தானாக வேலை செய்யுமா, எலி வயரைக் கடித்தால், மணல் தரைக்கும் செம்மண் தரைக்கும் ஒரே அளவா, எவ்வளவு காசு முடியும், தோட்டம் முழுக்க ஒரு சென்சர் காணுமா. உங்கள் விரிவுரையாளர்கள் கேட்கப்போகிற கேள்வியும் பெரும்பாலும் இவைதான், சொல்லுகிற மொழிதான் வேறு. தோட்டக்காரருக்குப் பதில் சொல்லி முடித்த பிள்ளை கெம்பஸில் பதில் சொல்ல ஏன் பயப்பட வேண்டும்.

தமிழில் தடையில்லாமல் வந்த பிறகு இங்கிலீசுக்குப் போங்கோ. தமிழ் வசனத்தை அப்படியே மாற்றப் பார்த்தால் நீண்டு சிக்குப்படும். ஒரு வசனத்தில் ஒரு விசயம். நிமிடத்துக்கு 100, 110 சொல்லுக்கு மேல் போகத் தேவையில்லை, மெதுவாகக் கதைத்தால் இங்கிலீஸ் நல்லதாகத்தான் கேட்கும். கலிபிரேசன், கப்பாசிற்றிவ், த்ரெஷோல்ட் மாதிரி நாக்குத் தடக்குகிற சொற்கள் எவை என்று எழுதி வைத்து, அவற்றை மட்டும் தனியாகச் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கோ. தடக்குகிற இடத்தில்தான் நடுக்கம் திரும்ப வரும். புள்ளித் திட்டம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கோ, மொழிக்கு எவ்வளவு, விளக்கத்துக்கு எவ்வளவு, பதிலுக்கு எவ்வளவு என்று தெரிந்தால் எதைப் பார்த்துப் பயப்படுவது என்றாவது தெரியும்.

சாறி கட்டிக்கொண்டு போகிறதென்றால் ஒருதரம் சாறியோடேயே ஒத்திகை பாருங்கோ. பிளீட் கழரும், தலைப்பு விழும் என்ற யோசனை அன்றைக்கு இருக்கக் கூடாது.

⸻

குளக்கட்டு எழுதியது:

ரீச்சர் சொன்னதுக்கு மேல் ஒன்று. கண்ணாடிக்கு முன் நின்று பழகச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்போம், கதை ஓடாது. போனைப் புத்தக அடுக்கில் சாத்தி வைத்து ஐந்து பேரும் சேர்ந்து ஒரு முழு ஒத்திகையை வீடியோ எடுங்கோ, பிறகு சேர்ந்திருந்து பாருங்கோ.

தொடங்கும்போது "எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, மன்னிக்கவும்" என்று சொல்லவும் வேண்டாம். அதுவரைக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் பிறகு கையைப் பார்ப்பார்கள்.

தோட்டக்காரர் சொன்னதைத் தமிழில் ஸ்லைடில் போடுகிறீர்கள் என்றால் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கோ. அங்கே உள்ள கொம்பியூட்டரில் பாமினி இல்லாவிட்டால் தமிழ் முழுக்க இங்கிலீஸ் எழுத்துக் குழப்பமாக வரும், தொடங்க முதலே எல்லாருக்கும் பதற்றம். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து வைத்திருங்கோ. எச்டிஎம்ஐ வயரும் பழைய வீஜீஏ புரொஜெக்ரருக்கு மாற்றுகிற அடப்ரரும் உங்களுடையது உங்களோடு போகட்டும்.

⸻

கச்சான்பூ எழுதியது:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. குளிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று இரவு வட்ஸ்அப் குழுவில் குரல் செய்தியாக எல்லாவற்றையும் சொன்னேன், போன வருசம் நடந்ததையும். ஒதுக்கவில்லை. மைக்கை வாங்கின பெடியனும் இந்தக் குழுவில் இருக்கிறான், தனக்கும் முதல் நாள் இரவு நித்திரை வாறதில்லை என்றான், எனக்கு அது தெரியவே தெரியாது. பகுதி பிரித்துவிட்டோம், நான் இரண்டாவது, சென்சரும் அளவு திருத்தலும். என் பகுதியைக் கதைக்கிறேன் என்று சொன்ன பிள்ளை இப்போது எனக்கு இங்கிலீஸ் உச்சரிப்புப் பார்த்துத் தருகிறாள், நான் அவளுக்கு விழுது என்றால் என்ன என்று தோட்டத்தில் காட்டப் போகிறேன்.

இப்போது மிச்சம் இரண்டு பயம். ஒன்று, கேள்வி நேரம். கதைக்கும்போது முன்னால் இருக்கிறவர்கள் முகத்தில் ஒன்றுமே தெரியாது, சிரிக்கவும் மாட்டார்கள், அதைப் பார்த்ததும் பிழையாகத்தான் சொல்லுகிறேன் என்று நினைப்பேன். மற்றது, கருவி அந்த நேரம் பார்த்து நின்றுபோனால்? பம் ஓடத் தொடங்கும்போது சிலநேரம் ஆர்டுயினோ திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது.

⸻

நிழல்மரம் எழுதியது:

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் உளசமூகப் பணி செய்கிறேன். அந்த உணர்ச்சி காட்டாத முகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

1993 இல் ஜேர்மனியின் திரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தில் ஒரு மனிதருக்கு உண்மையான மன அழுத்தத்தை உண்டாக்க ஒரு சோதனையை அமைத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஆயத்தம் செய்யக் கொடுத்து, வேலைக்கான நேர்முகம் போல 5 நிமிடம் கதைக்கச் சொல்லுவார்கள், பிறகு 1022 இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டு போகச் சொல்லுவார்கள். முன்னால் இருக்கிற நடுவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. அதற்கே பெரும்பாலானவர்களுக்கு அழுத்த ஓமோனான கோர்ட்டிசோல் நன்றாக ஏறிவிடும். யோசித்துப் பாருங்கோ, மனிதரைப் பதற வைக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் தேடி எடுத்தது உங்களுக்கு முன்னால் வரப்போகிற அதே காட்சியைத்தான். ஆகவே அங்கே உங்களுக்குப் பதற்றம் வருவது உங்கள் பலவீனம் இல்லை, யாருக்கும் வரும். அந்த முகங்களுக்கும் உங்கள் தரத்துக்கும் தொடர்பும் இல்லை. விரிவுரையாளர்கள் அன்றைக்கு எத்தனையோ குழுவைக் கேட்டு, புள்ளி எழுதிக்கொண்டு இருப்பார்கள், முகம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது, உங்கள் நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவு வெளியில் தெரியாது. இதை சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். பேச வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது என்று பேச முதலே விளக்கினார்கள். அந்த விளக்கம் கேட்டவர்களின் பேச்சு மற்றவர்களுடையதை விட நன்றாக இருந்தது என்று அவர்களும் சொன்னார்கள், பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சொன்னார்கள். தெரிந்துகொண்டதே உதவியது. குளக்கட்டு சொன்ன வீடியோவை எடுத்துப் பாருங்கோ, நீங்கள் நடுங்கின இடம் என்று நினைத்ததில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கும்.

பயத்தை அடக்கி அமைதியாக வேண்டும் என்று உங்களை நீங்களே வற்புறுத்தவும் வேண்டாம். 2014 இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில், மேடைக்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களை விட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு அடிக்கிறது இரண்டிலும் ஒன்றுதான். அரித்த சென்சரைக் கண்டுபிடித்த அன்றைக்கு உங்களுக்கு நெஞ்சு அடித்திருக்கும்தானே, அதைச் சொல்லத்தான் அங்கே போகிறீர்கள்.

ஆனால் ஒத்திகை இல்லாமல் இவை ஒன்றும் வேலை செய்யாது. 1965 இலேயே சாயன்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார்: நன்றாகப் பழகின வேலையை ஆட்கள் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்வோம், பழகாத வேலையை ஆட்கள் பார்த்தால் இன்னும் மோசமாகச் செய்வோம். ஸ்லைடைப் பார்த்து மனதுக்குள் வாசிக்கிறது பழக்கம் இல்லை. எழும்பி நின்று, சத்தமாக, ஆட்களுக்கு முன்னால்.

⸻

மாங்குளம்சந்தி எழுதியது:

குழுவுக்குச் சொன்னது நல்ல வேலை தங்கச்சி.

கருவியைப் பற்றி: பம் தொடங்குகிற நேரம் கரண்ட் கூட இழுக்கும், வோல்டேஜ் விழும், அதில்தான் ஆர்டுயினோ திரும்பத் தொடங்குகிறது. பம்முக்கும் ஆர்டுயினோவுக்கும் ஒரே பவர் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பம்முக்குத் தனி சப்ளை கொடுங்கோ. டீசி பம் என்றால் மோட்டருக்குக் குறுக்காக, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு டயோட்டும் போடுங்கோ, திசை மாறாமல். இது இந்தக் கிழமையே முடிய வேண்டும். கருவி திரும்பத் தொடங்குமோ என்ற யோசனையோடு யாரும் நிம்மதியாகக் கதைக்க ஏலாது. கருவி ஒழுங்காக ஓடுகிற ஒரு நிமிட வீடியோவும் லப்டொப்பில் இருக்கட்டும். அன்றைக்கு நின்றுபோனால் தோண்டித் திருத்திக்கொண்டு நிற்காமல், "இது நேற்று எடுத்தது" என்று போட்டுவிட்டுத் தொடருங்கோ.

காட்டுகிற விதம்: இரண்டு பேணி. ஒன்றில் காய்ந்த மண், மற்றதில் நனைந்த மண். சென்சரைக் காய்ந்ததில் குத்தினால் பம் ஓடும், எடுத்து நனைந்ததில் குத்தினால் நிற்கும். நீங்கள்தான் குத்த வேண்டும். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் இலகுவாக ஓடும், இது நான் எங்கள் ஆட்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது.

கேள்வி நேரத்துக்கு: வரக்கூடிய கேள்வியை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆளின் பெயர் போடுங்கோ. ரீச்சர் எழுதின கேள்விகளில் இருந்தே தொடங்கலாம். கேள்வி வந்ததும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற அந்த இரண்டு செக்கன்தான் குழுவைக் கெடுக்கிறது. கேள்வியை ஒருதரம் நீங்களே திருப்பிச் சொல்லுங்கோ, யோசிக்க நேரம் கிடைக்கும், பிழையாக விளங்கியிருந்தால் அவரே திருத்துவார். விடை தெரியாவிட்டால் "நாங்கள் அதை அளக்கவில்லை, அளப்பதென்றால் இப்படிச் செய்வோம்" என்று சொல்லலாம். சோடித்துச் சொல்லப் போனால் அடுத்த கேள்வியில் பிடிபடும்.

"உங்கட பங்கு என்ன" என்ற கேள்விக்கு ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு வசனம் ஆயத்தமாக வைத்திருங்கோ. உங்களுடையதை நான் எழுதித் தரத் தேவையில்லை, முதல் பதிவில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: சென்சரை மாற்றச் சொன்னது நான், வளவு மண்ணில் அளவு திருத்தியது நான். அதை இங்கிலீசில் போட்டு மட்டையின் மேலே எழுதுங்கோ.

தோட்டக்காரருக்கு முன்னால் சொல்லி முடித்த பிறகு இங்கிலீசில் ஒரு முழு ஒத்திகைக்கு நான் வருகிறேன். என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரையும் சூமில் கூட்டி வருகிறேன், அதில் ஒருவர் சிங்களவர், இங்கிலீசில்தான் கேட்பார். சிரிக்காமல் இருக்கச் சொல்லி வைக்கிறேன். 12 நிமிடம் கதை, 8 நிமிடம் கேள்வி, நேரம் நான் பிடிக்கிறேன்.

⸻

கச்சான்பூ எழுதியது:

அண்ணா, பம்முக்கு வேறு சப்ளை கொடுத்துவிட்டோம், இப்போது ஆர்டுயினோ திரும்பத் தொடங்கவில்லை. டயோட் நாளைக்குக் கிளிநொச்சியில் வாங்குகிறோம். ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் தமிழில் சொல்லுகிறோம், அப்பா ஆட்களுக்குச் சொல்லிவிட்டார், தெற்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்கடுத்த சனி இரவு 7.30க்கு சூம் சரிவருமா? லிங்கை இங்கே போடாமல் தனியாக அனுப்புகிறேன்.

⸻

மாங்குளம்சந்தி எழுதியது:

சரி, சனி 7.30. கேள்விக் கொப்பியைப் படம் எடுத்து முதலே அனுப்ப வேண்டாம், எங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.